நாலாம் நம்பர் டோக்கன்

இது நடந்தது. கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை. நேரத்தைப் பார்த்துக் குறித்து வைத்திருக்கிறேன். ஒலிப்பதிவு இருக்கிறது. அந்த அறையில் என்னைத் தவிர மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் நன்றாக இருக்கிறார்கள். அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றுவார்கள்.

பேய் என்றதும் நடுராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை என்று எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். கூடத்தில் ஆறு ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கீழே தெருவில் பையன்கள் பந்து விளையாடும் சத்தம்.

அன்று எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் அதிகம். அந்தக் கோபத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மிருதங்கம் வாசிப்பவன். பிழைப்புக்கு அச்சகத்தில் வேலை. அழைப்பிதழ், நோட்டீஸ் எல்லாம் கம்ப்யூட்டரில் அமைத்துக் கொடுப்பேன். என் அக்கா பாடுவாள். எங்கள் பேட்டையில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவருடைய க்ளினிக் மாடியில் நாங்கள் கூடுவோம். நோயாளிகள் காத்திருக்கும் கூடம் அது. இரும்பு நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜமுக்காளம் விரிப்போம். மைக் கிடையாது. ரசிகர்கள் கிடையாது. பாடுகிறவர்களேதான் கேட்கிறவர்கள்.

நான்கு பாடகர்கள். டாக்டர் ஒன்றாம் நம்பர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுக்கும் டீச்சர் இரண்டு. ஒரு வங்கிக்காரர் மூன்று. யார் எதைப் பாடினாலும் ‘சபாஷ்’ என்று சொல்வதால் அவருக்கு சபாஷ் என்றே பெயர். நான்காவது என் அக்கா.

இந்த ஒன்று, இரண்டு, மூன்று, நாலு நான் போட்டது இல்லை. டாக்டர் போட்டது. ஸ்வரம் பாடும்போது முறை வைத்துப் பாடுவது வழக்கம். ஒருவர் விட்ட இடத்தில் அடுத்தவர் எடுக்க வேண்டும். கூடத்துச் சுவரில் டோக்கன் நம்பர் காட்டும் பலகை இருந்தது. சிவப்பு எழுத்து. டாக்டர் அதன் ரிமோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். ஒருவர் முடித்ததும் அமுக்குவார்.

டிங்.

அடுத்த நம்பர் வரும். அக்காவுக்கு எப்போதும் கடைசி.

“நாலாம் நம்பர் பேஷண்ட், வாங்கம்மா!” என்பார். எல்லாரும் சிரிப்போம். நானும் சிரித்திருக்கிறேன். என் கோபத்தில் அதுவும் சேர்த்தி.

சுருதி விஷயமும் தெரிய வேண்டும். டாக்டருக்குச் சுருதி ஒரு கட்டை, தாழ்ந்த குரல். அக்காவுக்கு ஐந்தரைக் கட்டை, உயர்ந்த குரல். இரண்டும் ஒட்டவே ஒட்டாது. டீச்சருக்குக் கனத்த குரல், டாக்டர் சுருதியில் சமாளித்துவிடுவார். அக்காவுக்குக் கீழே குரல் எழும்பாது, மேலே போனால் கிழியும். ஒன்பது வருஷம் அப்படித்தான் பாதிக் குரலில் பாடினாள்.

“ஒரே ஒரு ரவுண்டு அவங்க சுருதியில வைங்களேன் டாக்டர்” என்று சபாஷ் ஒரு தடவை கேட்டார்.

“சும்மா சும்மா சுருதிப் பெட்டியைத் திருப்பிக்கிட்டு இருக்க முடியாதுய்யா” என்றார் டாக்டர். பேச்சு முடிந்தது. ஊரே அவர் முன்னால் வாயைத் திறக்கும். அந்தக் கூடத்தில் மட்டும் எல்லாரும் மூடிக்கொள்வோம்.

அக்கா கோபப்பட்டதே இல்லை. அவளுக்கும் சேர்த்து நான்தான் வீட்டுக்கு வந்து குதிப்பேன். “விடுடா தம்பி, என் முறை வரும்” என்பாள்.

கடைசியாக வந்த அன்று அவள் ஒரு பல்லவி கொண்டுவந்தாள். பல்லவி என்பது ஒரே ஒரு வரி. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பாடலாம். அவளே கட்டியது. அந்தக் கூடத்தில் தன் நம்பருக்குக் காத்திருந்த நேரங்களில் மனசுக்குள்ளேயே கட்டியது.

‘என் முறை வரும்வரை காத்திருப்பேன் ஐயனே.’

தாளம் எட்டு எண்ணிக்கை. ஆனால் வரி முதல் எண்ணிக்கையில் தொடங்காது. ஒன்றரை தள்ளித் தொடங்கும். ஸ்வரம் எங்கே சுற்றினாலும் கடைசியில் அந்த ஒன்றரையில் வந்து விழ வேண்டும். ஒரு நூல் பிசகினாலும் போச்சு. அந்த முடிவுக் கணக்கு மட்டும் இன்னும் வரவில்லை, அடுத்த மாசம் கொண்டுவருகிறேன் என்றாள்.

“இது பல்லவி இல்லம்மா. டீச்சர் கொடுக்குற ஹோம்வொர்க்” என்றார் டாக்டர். “நோட்டை வெச்சுட்டுப் போ. பாத்துட்டுத் தர்றேன்.”

நீல அட்டை போட்ட நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் வலது மூலையில் தேதி இருக்கும். எழுதிய தேதி இல்லை. அதை எந்தக் கூட்டத்தில் பாடப் போகிறாளோ, அந்தத் தேதி. அது அவள் பழக்கம்.

அடுத்த மாதம் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அதற்கடுத்த மாதம் இல்லை.

நோட்டு வரவில்லை.

நான்கு மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை. காலை 11.20. அச்சகத்தில் என் கம்ப்யூட்டருக்கு ஓர் அழைப்பிதழ் வந்தது. இசைக் கச்சேரி. அடுத்த சனிக்கிழமை. டாக்டரின் படம். கீழே அந்த வரி. அதற்கும் கீழே, ‘பல்லவி இயற்றியவர்’ என்று போட்டு டாக்டரின் பெயர். திங்கள் காலை பத்து மணிக்கு ப்ரூஃப் ஓகே ஆக வேண்டும் என்று குறிப்பு.

எனக்குக் காது இரண்டும் சுட்டது.

அரைமணி நேரத்தில் போன். டாக்டர்தான். நான் எங்கே வேலை பார்க்கிறேன் என்றுகூட அந்த மனுஷனுக்குத் தெரியாது.

“தம்பி, போன வாரம் கூட்டம் வெக்க முடியல, எனக்கு ஒரு கான்ஃபரன்ஸ். இந்த ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாம். பதினேழாம் தேதி. புதுப் பல்லவி ஒண்ணு பண்ணியிருக்கேன். வந்துடு.”

இரண்டாவது ஞாயிறு கூடாமல் மூன்றாவது ஞாயிறு கூடியது ஒன்பது வருஷத்தில் அதுதான் முதல் தடவை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

“வர்றேன் டாக்டர்” என்றேன். திங்கட்கிழமைக்குள் அந்த இடத்தில் அக்கா பெயர் வர வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என்னிடம் இரண்டு மிருதங்கம். ஆண் குரலுக்குப் பெரியது. அக்காவுக்காகவே வைத்திருந்தது சின்னது. அவள் போனபிறகு சின்னதை நான் தொடவில்லை. பீரோ மேலே துணி சுற்றிக் கிடந்தது. ஞாயிறு மதியம் 3.30க்குப் பெரியதைச் சுருதி சேர்த்தேன். உறையில் போட்டேன். ஜிப் இழுத்தேன். என் கையால்.

6.10க்கு க்ளினிக் மாடியேறினேன். கிராம்புத் தைல வாசனை. மீன் தொட்டியில் பம்ப் சத்தம். டீச்சர் வழக்கம்போல் போனை ரெக்கார்டிங்கில் போட்டு ஜமுக்காளத்தின் நடுவில் வைத்தார். சபாஷ் என் தோளைத் தட்டினார். அக்காவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உட்கார்ந்து உறையைத் திறந்தேன்.

சின்ன மிருதங்கம்.

எடையில்கூடத் தெரியவில்லை எனக்கு. பெரியதைத் தூக்குவது போலத்தான் தூக்கி வந்தேன்.

“என்னய்யா இது? பொம்பளைங்களுக்கு வாசிக்கிறதைத் தூக்கிட்டு வந்திருக்க?” டாக்டர்.

“தெரியாம…”

“இதெல்லாம் தெரியாம நடக்குமா? செருப்பை மாத்திப் போட்டுட்டு வர்ற மாதிரி!”

விரலால் ஒரு தட்டுத் தட்டினேன். நான்கு மாதம் தொடாத தோல் தொய்ந்து போயிருக்க வேண்டும். சத்தம் செத்திருக்க வேண்டும்.

கணீரென்று பேசியது. சுத்தமான ஐந்தரை.

கல்லால் தட்டி இறக்கிப் பார்த்தேன். விளிம்பைச் சுற்றிப் பதினாறு தட்டு. இறங்கவில்லை. கொஞ்சம்கூட.

“சரி, ஒட்டுதோ ஒட்டலையோ, தாளத்துக்கு மட்டும் வாசி. எனக்கு ஒத்திகை முக்கியம்” என்றார் டாக்டர். சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்தார். “என்னோட புதுப் பல்லவி. கேளுங்க.” வரியைப் பாடினார்.

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். சபாஷ், சபாஷ் சொல்லவில்லை.

“யாரோட பல்லவி டாக்டர்?” என்றேன்.

“காது கேக்கலையா? என்னோடது.”

“அது எங்க அக்கா நோட்டுல இருக்கு. நோட்டு உங்ககிட்டதான் இருக்கு.”

“உங்க அக்கா ஒரு வரி எழுதிச்சு. பாவம், முடிக்கவே இல்ல. முடிவு வெச்சது நான். முடிச்சவன் பேரைத்தான் போடுவாங்க.”

“அந்த வரியை ஹோம்வொர்க்குன்னு சொன்னது யாரு?”

“தம்பி, குரலை ஒசத்தாதே.”

“இது ஒசத்தலே இல்ல டாக்டர். இனிமேதான்.”

அவர் சிரித்தார். பிறகு ஒன்று சொன்னார். அதற்காக அவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

“செத்துப் போனவளுக்குப் பேரு எதுக்குய்யா? வந்து வாங்கிக்கப் போறாளா?”

எழுந்து போய்விடலாம் போலிருந்தது. போனால் திங்கட்கிழமை பெயர் அச்சாகிவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்.

“பாடுங்க. டீச்சர் தாளம் போடட்டும். உங்க முடிவு ஒன்றரையில சுத்தமா விழுந்தா உங்க பேரு. விழலைன்னா அக்கா பேரு. இவங்க ரெண்டு பேரும் சாட்சி.”

“பந்தயமா? சரி, பாத்துடலாம்.” ரிமோட்டை எடுத்து அமுக்கினார். டிங். பலகையில் ஒன்று.

மணி 6.38.

டாக்டர் பாடினார். கெட்டிக்காரர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் முடிவு வந்தபோது என் கை தானாக நின்றது. அரை எண்ணிக்கை முன்னால் விழுந்தார். ‘ஆ…’ என்று இழுத்து மெழுகினார்.

“விழுந்துச்சா டீச்சர்?” என்றேன்.

டீச்சர் டாக்டரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “அரை… முன்னாடி” என்றார், தொண்டைக்குள்.

“ரவுண்டு முழுசா முடியட்டும். கடைசியில நான் மறுபடி பாடுறேன். அதுதான் கணக்கு” என்றார் டாக்டர். அமுக்கினார். டிங். இரண்டு.

டீச்சர் பாடும்போதுதான் கவனித்தேன். மிருதங்கம் ஒட்ட ஆரம்பித்திருந்தது. இறங்கியது மிருதங்கம் இல்லை. சுருதிப் பெட்டியின் சத்தம் மேலே ஏறிக்கொண்டிருந்தது. டீச்சருக்கு நெற்றி வியர்த்தது. குரல் எட்டாமல் இரண்டு தடவை உடைந்தது.

“பெட்டியைத் தொட்டது யாரு?” டாக்டர் குனிந்து திருகைத் திருப்பினார். ஒரு கட்டையில் வைத்தார். டிங். மூன்று.

சபாஷ் பாடினார். 6.47. திருகு அசைவதை நான் பார்த்தேன். யாரும் தொடவில்லை. மெதுவாக… மணிமுள் நகர்வது போல… இரண்டு. மூன்று. நாலரை.

ஐந்தரையில் நின்றது.

மீன் தொட்டியில் எல்லா மீனும் ஒரே மூலையில் ஒதுங்கியிருந்தன. எங்களுக்கு எதிர்ப்பக்க மூலை.

சபாஷ் குரல் தடுமாறி, பாதியில் விட்டார். டீச்சரின் கை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. டாக்டர் தன் முறைக்காகத் தொண்டையைச் செருமினார். ரிமோட் அவருக்கு முன்னால் ஜமுக்காளத்தில் கிடந்தது. அவர் கை அதை நோக்கிப் போயிற்று. தொடவில்லை.

டிங்.

பலகையில் நாலு.

மணி 6.52.

“யாருய்யா அமுக்கினது?” என்றார் டாக்டர். அவர் வாய் மூடவில்லை. அதற்குள்…

பாட்டு.

சுவரோரம் இருந்த இரும்பு நாற்காலிப் பக்கமிருந்து. காலியான நாற்காலிகள். அங்கிருந்து ஸ்வரம் வந்தது. ஐந்தரைக் கட்டையில். முழுக் குரலில். ஒன்பது வருஷமாக அந்தக் கூடம் கேட்காத முழுக் குரலில்.

என் கை வாசித்தது. நான் வாசிக்கவில்லை. கை வாசித்தது.

டீச்சர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். தாளம் நிற்கவில்லை. நிறுத்தப் பார்த்தாராம். முடியவில்லையாம்.

குரல் நெருங்கி வந்தது. நாற்காலியிலிருந்து… ஜமுக்காளத்துக்கு.

நாலாவது ஆள் உட்காரும் இடத்துக்கு.

என் இடது முழங்கால் ஜில்லிட்டது. அக்கா அந்தப் பக்கம்தான் உட்காருவாள்.

அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று கேட்டேன்.

ஒவ்வொரு ஸ்வரமும் அறைவது போல விழுந்தது. டாக்டர் முகத்தில் அறைவது போல. அவர் ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடித் திறந்தார்.

முடிவு வந்தது. நான் கேட்டே இராத முடிவு.

ஐந்து. ஐந்து. ஐந்து.

ஒரு மூச்சு.

ஏழு. ஏழு. ஏழு.

இன்னொரு மூச்சு. முதலாவதைவிடக் கொஞ்சம் நீளம்.

“சபாஷ்!”

சபாஷ்தான். அழுதுகொண்டே.

ஒன்பது. ஒன்பது. ஒன்பது…

விழுந்தது. ஒன்றரையில். ஊசி முனையில்.

அமைதி.

சுருதிப் பெட்டி மட்டும் ஐந்தரையில் இரைந்தது. பலகையில் நாலு அணையவில்லை. கீழே பையன் ஒருவன் “அவுட்டு!” என்று கத்தினான்.

எனக்குப் பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. கேட்டேன்.

“யாரோட பல்லவி டாக்டர்?”

அவர் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

“கேக்கல.”

அக்கா பெயரைச் சொன்னார். தலைப்பெழுத்தோடு, முழுப் பெயர்.

பலகை அணைந்தது.

அவர் உள்ளே போய் நீல நோட்டை எடுத்துவந்தார். கையில் கொடுக்கவில்லை. ஜமுக்காளத்தில் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார். நாங்கள் மூவரும் படியிறங்கினோம். 7.05. வீட்டுக்கு வந்து பார்த்தேன். பெரிய மிருதங்கம் பீரோ மேலே இருந்தது. துணி சுற்றி. அதன்மேல் நான்கு மாதத் தூசு.

திங்கள் காலை 9.30. ‘பல்லவி இயற்றியவர்’ என்ற இடத்தில் டாக்டர் பெயரை அடித்துவிட்டு அக்கா பெயரைப் போட்டேன். ப்ரூஃப் ஓகே ஆகி வந்தது. டாக்டர் கையெழுத்து மட்டும் கோணலாக இருந்தது. சனிக்கிழமைக் கச்சேரியில் டாக்டர் பாடவில்லை. தொண்டை சரியில்லையாம். டீச்சர் பாடினார். அக்கா பெயரைச் சொல்லிவிட்டுப் பாடினார். வாசித்தது நான்.

அந்த வாரமே டீச்சர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தார். கூடவே ஒரு வரி: ‘தனியா இருக்கும்போது கேக்காதீங்க.’ மதியம், அச்சகத்தில் எல்லா மிஷினும் ஓடும்போது காதில் மாட்டிக் கேட்டேன்.

டாக்டர் இருக்கிறார். டீச்சர் இருக்கிறார். சபாஷ் இருக்கிறார். “யாருய்யா அமுக்கினது?” இருக்கிறது. அதற்கு முன்னால் ‘டிங்’ இல்லை.

அதற்குப் பின்னால் குரல் இல்லை.

ஒரு நிமிஷம் 52 விநாடி. சுருதிப் பெட்டி. டீச்சர் தொடையில் தட்டும் தாளம், பதினான்கு சுற்று. என் மிருதங்கம், யாருமே பாடாத பாட்டுக்குப் பின்னால் ஓடி ஓடி வாசிக்கிறது. கடைசிக்குச் சற்று முன்னால், அந்த வெறுமையில் ஒரு குரல்: ‘சபாஷ்!’

இதுவரைக்கும்கூட நான் ஏதாவது சமாதானம் சொல்லிக்கொண்டிருப்பேன். நாலு பேருக்கும் ஒரே நேரத்தில் பிரமை. குற்ற உணர்ச்சி. புழுக்கம்.

கச்சேரிக்கு மறுநாள் அக்கா வீட்டுக்காரர் வந்தார். கையில் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே கவர்.

“அலமாரியை ஒழிச்சேன் மாப்ள. இதுக்குள்ள ஒரு சீட்டு இருந்துச்சு. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்குத்தான் போல.”

ரத்தப் பரிசோதனைச் சீட்டு. முன்பக்கம் பரிசோதனை நாள் அச்சாகியிருந்தது. அவள் சாவதற்கு இரண்டு நாள் முன்பு. பின்பக்கம் பென்சிலில் அவள் கையெழுத்து. நடுங்கிய எழுத்து.

5 5 5 – மூச்சு 3

7 7 7 – மூச்சு 4

9 9 9

கூட்டிப் பார்த்தேன். ஒரு எண்ணிக்கைக்கு நாலு என்று வைத்தால் மொத்தம் எழுபது. இரண்டு சுற்று, அதன்மேல் ஒன்றரை. என் கை வாசித்த அதே முடிவு. அதற்குக் கீழே, சின்னதாக:

‘தம்பி சின்ன மிருதங்கம் எடுத்து வரணும்.’

அதைக்கூட விட்டுவிடலாம். அவளுக்கு எப்போதும் சின்னதுதானே. எழுதியிருப்பாள்.

வலது மூலையைப் பார்த்தேன். எந்த நாள் பாடப் போகிறாளோ, அந்த நாள். அவள் பழக்கம்.

இரண்டாவது ஞாயிறு இல்லை. அவள் செத்து நான்கு மாதம் கழித்து வந்த மாதம். அதன் மூன்றாவது ஞாயிறு.

பதினேழாம் தேதி.